வெள்ளி ரூபாயிலிருந்து சட்ட ரூபாய்க்கு: இந்திய நாணயச் சட்டங்கள் கடந்த பாதை

இந்தியா முழுவதற்கும் ஒரே நாணயம் என்ற ஏற்பாடு எந்தச் சட்டத்தால் வந்தது, பழைய ரூபாயில் அதன் மதிப்புக்கு ஈடான வெள்ளி இருந்ததாகச் சொல்லப்படும் நிலை எந்தச் சட்டத்தால் முடிந்தது என்பதே கேள்வி. சுருக்கமான விடை இது: முதலாவது 1835ஆம் ஆண்டின் 17ஆம் சட்டத்தால் வந்தது, இரண்டாவது 1893ஆம் ஆண்டின் 8ஆம் சட்டத்தால் முடிந்தது. 1957இல் அணா போய்ப் பைசா வந்ததையே நம் நாணய வரலாற்றின் பெரிய திருப்பமாகப் பலர் கருதுகிறார்கள். அது கணக்கிடும் முறையில் வந்த மாற்றம். ரூபாயின் தன்மை மாறியது 1893 ஜூன் 26 அன்றுதான். அன்று ரூபாயின் எடையோ மாற்றோ (வெள்ளியின் தூய்மையோ) தோற்றமோ இம்மியும் மாறவில்லை. அதனால்தான் அந்த நாள் பலர் நினைவில் நிற்கவில்லை என்று கருதுகிறேன்.

1835க்கு முன்பு கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளில் ஒன்றோடொன்று பொருந்தாத நாணயங்கள் வழங்கின. வங்காளத்தில் சிக்கா ரூபாய், வடக்கில் பரூக்காபாத் ரூபாய், மேற்கில் சூரத் ரூபாய், தெற்கில் ஆற்காடு ரூபாய் என்று ரூபாயே பல வகையாக இருந்தது. சென்னை மாகாணத்தில் ரூபாயைவிட நட்சத்திர வராகன் என்ற தங்க நாணயமும் அதன் கீழ் பணமும் காசுமே கணக்குக்கு அடிப்படையாக இருந்தன. முகலாய மரபில் நாணயத்தின் மேல் அரசரின் ஆட்சியாண்டு பொறிக்கப்படும். அடித்த ஆண்டில் முழு மதிப்புக்குச் சென்ற ரூபாயை, ஆண்டுகள் கடந்தபின் வட்டம் (மதிப்பில் ஒரு கழிவு) பிடித்துக்கொண்டுதான் வாங்குவார்கள், அதில் வெள்ளி குறைந்திருந்தாலும் குறையாவிட்டாலும். எந்த ரூபாய்க்கு எவ்வளவு வட்டம் என்பதைச் சொல்லும் அதிகாரம் நடைமுறையில் சராபுகள் எனப்பட்ட நாணயமாற்று வணிகர்கள் கையில் இருந்தது; வரி கட்ட வந்த குடியானவர் ஒவ்வொரு முறையும் அவர்களிடம் ஒரு பங்கை இழந்தார்.

இந்தத் தொல்லையைச் சட்டத்தால் தீர்க்க முயன்ற முக்கியமான ஏற்பாடு வங்காளத்தின் 1793ஆம் ஆண்டு 35ஆம் ஒழுங்குவிதி. எந்த ஆண்டில் அடிக்கப்பட்டாலும் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டு பொறித்த சிக்கா ரூபாயே செல்லும் என்று அது வகுத்தது. ஆண்டு மாறாவிட்டால் வட்டம் கேட்கக் காரணமும் இல்லை என்பது அதன் எளிய நோக்கம். சென்னையில் மாற்றம் 1818இல் வந்தது. வராகன் விலக்கப்பட்டு, 180 கிரெய்ன் (ஆங்கிலேயரின் சிறு எடை அலகு) எடையும் அதில் 165 கிரெய்ன் தூய வெள்ளியும் கொண்ட ரூபாய் கணக்கின் அடிப்படையாயிற்று. பழைய கடன்களைத் தீர்க்க 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வைக்கப்பட்டது. இந்த எடை சென்னையில் பிறந்த எண்ணம் அல்ல. கம்பெனியின் இயக்குநர்கள் 1806இலேயே லண்டனிலிருந்து எழுதிய ஆணையில், இந்தியாவுக்கு ஒரே வெள்ளி நாணயம் வேண்டும், அதன் எடை 180 கிரெய்ன் ஆகலாம் என்று பரிந்துரைத்திருந்தார்கள். அதை நாடு முழுவதும் செயலாக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன.

1835 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த 17ஆம் சட்டத்தை இன்று படித்தாலும் அதன் துல்லியம் மதிக்கத்தக்கதாக இருக்கிறது. ரூபாயின் எடை 180 டிராய் கிரெய்ன். அதில் 12இல் 11 பங்கு தூய வெள்ளி, ஒரு பங்கு கலப்பு உலோகம். இன்றைய அளவில் சொன்னால் சுமார் 11.66 கிராம் எடையும் அதில் சுமார் 10.69 கிராம் வெள்ளியும். ஒரு முகத்தில் அப்போது ஆண்ட நான்காம் வில்லியம் அரசரின் தலை. மறுமுகத்தில் கம்பெனியின் பெயரும், ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் நாணயத்தின் பெயரும். முகலாயப் பேரரசரின் பெயர் ஆட்சியாண்டோடு சேர்ந்து மறைந்தது. இரண்டு விழுக்காட்டுக்கு மேல் எடை இழக்காத, வெட்டவோ அராவவோ படாத ரூபாயைக் கம்பெனி ஆட்சிப் பகுதி எங்கும் முழு மதிப்புக்கு ஏற்றுக்கொள்ள வேண்டும். 15 சிக்கா ரூபாய்க்கு 16 கம்பெனி ரூபாய் என்ற விகிதத்தையும் சட்டமே சொல்லிவிட்டது. நாணயம் அடிக்கும் இடமான கல்கத்தா அக்கசாலையில் உலோகச் சோதனை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப் இந்தச் சீர்திருத்தத்துக்காக உழைத்தவர்களுள் ஒருவர். அசோகரின் பிராமிக் கல்வெட்டுகளை வாசித்துக் காட்டியவராகத்தான் அவரை நாம் அறிவோம். நாணயத்துக்கு அவர் செய்ததும் சிறிய பணி அல்ல.

அதே சட்டத்தில் தங்கத்தைப் பற்றி ஒரு முக்கியமான பிரிவு இருந்தது. 15 ரூபாய் மதிப்புள்ள தங்க மொகர் அடிக்கலாம். ஆனால் எந்தத் தங்க நாணயமும் இனிக் கடன் தீர்க்கச் சட்டப்படி செல்லாது. இரண்டு உலோகங்களையும் ஒரு நிலையான விகிதத்தில் ஒருசேரச் செல்லும்படி வைத்தால், சந்தை விலை மாறும்போது மலிந்த உலோகம் மட்டும் புழக்கத்தில் நிற்கும், மற்றது பெட்டிக்குள் போய்விடும் என்பதைப் பல நாடுகள் பட்டு உணர்ந்திருந்தன. இந்தியா வெள்ளி ஒன்றையே பிடித்துக்கொண்டது. 1841இல் அரசுக் கருவூலங்கள் 15 ரூபாய் கணக்கில் மொகரைப் பெற்றுக்கொள்ள அனுமதிக்கப்பட்டன. கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தங்கம் கிடைத்து அதன் விலை இறங்கத் தொடங்கியதும், 1853இன் தொடக்கத்தோடு அந்த அனுமதியும் நின்றது. மலிவாகிவரும் தங்கம் கருவூலத்தில் வந்து குவியுமே என்ற அச்சம் அன்று அரசுக்கு இருந்தது. இருபது ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் நாணயக் குற்றங்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியது. அதன் 230ஆம் பிரிவு, பணமாகப் பயன்படுத்துவதற்காக அரசின் அதிகாரத்தால் முத்திரையிட்டு வெளியிடப்பட்ட உலோகமே நாணயம் என்று வரையறுத்தது. அதற்குக் கொடுத்த எடுத்துக்காட்டுகள் அந்தக் கால வாழ்க்கையை நேரில் காட்டுகின்றன: சோழிகள் நாணயம் அல்ல, முத்திரையிடாத செம்புக் கட்டிகள் பணமாகப் பயன்பட்டாலும் நாணயம் அல்ல, பதக்கங்கள் நாணயம் அல்ல. சோழியும் செம்புக் கட்டியும் பண்டமாற்றில் உண்மையாகவே வழங்கிய காலம் அது என்பதால்தான் சட்டம் அவற்றைப் பெயர் சொல்லி விலக்க வேண்டியிருந்தது.

1870ஆம் ஆண்டின் 23ஆம் சட்டம் அதுவரை வந்த விதிகளைத் தொகுத்தது. அதன் உயிர்நாடியை இங்கே சற்று விளக்க வேண்டும். வெள்ளி வைத்திருக்கும் எவரும் அதை அக்கசாலைக்குக் கொண்டு போகலாம். நூற்றுக்கு 2 வீதம் அடிப்புக்கூலியும் உருக்குவதற்கு ஒரு சிறு தொகையும் பிடித்துக்கொண்டு, மீதியை ரூபாயாக அடித்துக் கொடுக்க அக்கசாலை கடமைப்பட்டது. எத்தனை ரூபாய் புழங்க வேண்டும் என்பதை அரசு தீர்மானிக்கவில்லை என்பதே இதன் பொருள். வணிகர்கள் வெள்ளியை இறக்கினால் ரூபாய் பெருகும்; ரூபாயின் மதிப்பு வெள்ளியின் விலையைவிடக் குறைந்தால் மக்கள் அதை உருக்கிவிடுவார்கள், அதனால் எண்ணிக்கை குறையும். ரூபாயும் வெள்ளியும் ஒன்றையொன்று விட்டு விலக முடியாதபடி கட்டி வைத்தது இந்த உரிமைதான். 180 கிரெய்ன் என்ற எண் அந்தக் கட்டின் அளவை மட்டுமே சொன்னது. சென்னை அக்கசாலை 1869இலேயே மூடப்பட்டுவிட்டதால், 1870இன் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கல்கத்தாவும் பம்பாயுமே இந்தப் பணியைச் செய்தன.

இந்த ஏற்பாட்டைக் கலைத்தது இந்தியாவுக்கு வெளியே நடந்த நிகழ்வுகள். 1870களின் தொடக்கத்தில் ஜெர்மனி தங்கத்துக்கு மாறித் தன் வெள்ளியை விற்கத் தொடங்கியது. அமெரிக்காவின் 1873ஆம் ஆண்டு நாணயச் சட்டம் வெள்ளி டாலரை விட்டுவிட்டது. பிரான்சும் அதன் கூட்டு நாடுகளும் வெள்ளி அடிப்பதைக் கட்டுப்படுத்தி, பின்னர் நிறுத்தின. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து புதிய வெள்ளியும் பெருகி வந்தது. வேண்டுவோர் குறைந்த வெள்ளி, வரம்பில்லாமல் வாங்கிக்கொள்ளும் அக்கசாலை இருந்த இந்தியாவை நோக்கி வந்தது. 1870களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் நாணயத்தில் ஏறத்தாழ 2 ஷில்லிங் (ஒரு ஷில்லிங் 12 பென்ஸ்) மதிப்பிருந்த ரூபாய், 1892–93இல் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு இறங்கிவிட்டது. இந்திய அரசு வரியை ரூபாயில் வாங்கி, லண்டனில் கட்ட வேண்டிய வட்டியையும் ஓய்வூதியத்தையும் தளவாடச் செலவையும் பிரிட்டிஷ் பவுனில் கட்டியது. ரூபாய் இறங்க இறங்க, அதே கடனுக்கு அதிக ரூபாய் அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்கான சுமை வரியாக இந்தியர் தலையில் விழுந்தது.

இந்த நெருக்கடியை ஆராய ஹெர்ஷல் பிரபு தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரையை ஏற்று, 1893 ஜூன் 26 அன்று 8ஆம் சட்டம் நிறைவேறியது. அது செய்தது ஒன்றே ஒன்றுதான்: பொதுமக்கள் கொண்டுவரும் உலோகத்தைப் பெற்று அடித்துத் தர வேண்டும் என்ற பிரிவுகளை 1870இன் சட்டத்திலிருந்து நீக்கியது. ரூபாய் அதே 180 கிரெய்னாகவே இருந்தது, அதே வெள்ளியோடு, வரம்பின்றிச் செல்லும் அதே தகுதியோடு. ஆனால் அதை இனி அடிக்கக்கூடியவர் அரசு ஒருவரே. வெளியிடும் அளவை அரசு இறுக்கிப் பிடித்ததால், ரூபாயின் மதிப்பு வெள்ளியை விட்டுப் பிரிந்து மேலே ஏறத் தொடங்கியது. 1898இல் அரசு குறிவைத்த 1 ஷில்லிங் 4 பென்ஸை எட்டியது.

இதன் விளைவை ஒரு குடும்பத்தின் நிலையில் வைத்துப் பார்க்க வேண்டும். தன் சேமிப்பைக் காப்பாகவும் கொலுசாகவும் வெள்ளியில் வைத்திருந்த ஒருவருக்கு, 1893 ஜூனுக்கு முன் அந்த வெள்ளி அடிப்புக்கூலி போக ரூபாயாகவே இருந்தது. பஞ்ச காலத்தில் நகையை விற்றாலும், கடைக்காரர் கொடுக்கும் விலைக்கு அக்கசாலை ஒரு தரையாக நின்றது. அந்தத் தரை நீக்கப்பட்டதும் வெள்ளி வெறும் சரக்காயிற்று. அதன் விலை சில நாட்களிலேயே கடுமையாகச் சரிந்தது. வரியோ கடனோ ரூபாயில் கட்ட வேண்டும், கையிருப்போ விலை இறங்கிய வெள்ளி. 1890களின் பிற்பகுதியில் பஞ்சம் வந்தபோது நகை விற்றவர்கள் இந்த இழப்பைச் சுமந்தார்கள். அரசின் நிதிநிலையைக் காக்க அந்தச் சட்டம் தேவைப்பட்டது என்ற வாதத்தில் வலு உண்டு. ஆயினும் அதன் விலையைக் கொடுத்தவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1898இல் அமைந்த பவுலர் குழுவின் பரிந்துரைப்படி, 1899ஆம் ஆண்டின் 22ஆம் சட்டம் ஆங்கிலேயப் பவுன் நாணயத்தை 15 ரூபாய்க்குச் சட்டப்படி செல்லும்படி செய்தது. ஒரு பவுன் 240 பென்ஸ். அதை 15ஆல் வகுத்தால் 16 பென்ஸ், அதாவது 1 ஷில்லிங் 4 பென்ஸ். 1835இல் தள்ளி வைக்கப்பட்ட தங்கம் இவ்வாறு மீண்டும் உள்ளே வந்தது. ரூபாய் அடிப்பதில் அரசுக்குக் கிடைத்த ஆதாயத்தை 1900 முதல் ஒரு தங்க இருப்பு நிதியில் சேர்த்தார்கள். நாணயம் அடிப்பதில் ஆதாயம் என்ற ஒன்று இருந்தது என்பதே, ரூபாயின் முக மதிப்பும் உலோக மதிப்பும் பிரிந்துவிட்டதற்குச் சான்று.

1906ஆம் ஆண்டின் 3ஆம் சட்டமான இந்திய நாணயச் சட்டம் இவை அனைத்தையும் ஒரே தொகுப்பாக்கி, நூறு ஆண்டுகளுக்கும் மேல் நிலைத்தது. சிறு நாணயங்களில் செம்புக்கு மாற்றாக வெண்கலமும், ஓரணாவுக்கு நிக்கல் கலவையும் வந்தன. ரூபாயும் அரை ரூபாயும் எந்தத் தொகைக்கும் செல்லும். அதற்குக் கீழானவை ஒரு ரூபாய் வரை மட்டுமே செல்லும் என்பது அதன் ஏற்பாடு.

முதல் உலகப் போர் எதிர்பாராத திசையிலிருந்து சோதனை கொண்டுவந்தது. அதுவரை இறங்கிக்கொண்டிருந்த வெள்ளி இப்போது ஏறியது. ஒரு அவுன்ஸ் வெள்ளி ஏறத்தாழ 43 பென்ஸைத் தாண்டினால், ரூபாயை உருக்கி விற்பது அதைச் செலவழிப்பதைவிட ஆதாயமாகிவிடும். 1917 ஜூனில் நாணயத்தைப் பணமாகவன்றி வேறு எதற்கும் பயன்படுத்துவது போர்க்காலப் பாதுகாப்பு விதிகளின் கீழ்க் குற்றமாக்கப்பட்டது. மறு ஆண்டில் அமெரிக்கா ஒரு தனிச் சட்டம் இயற்றித் தன் கருவூல வெள்ளியில் 20 கோடி அவுன்ஸை இந்தியாவுக்கு விற்ற பிறகே நெருக்கடி தணிந்தது. உள்ளே இருக்கும் உலோகம் முக மதிப்பை மீறிவிட்டால், தண்டனைச் சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் நாணயம் புழக்கத்தில் நிற்காது என்பதை அரசு இங்கே கற்றது.

இரண்டாம் உலகப் போரில் அந்தப் பாடம் பயன்பட்டது. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் மக்கள் காகிதத்தை விட்டு வெள்ளி ரூபாயைப் பதுக்கத் தொடங்கினார்கள். அரசு தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பதைக் குற்றமாக்கியது. கூடவே 1940ஆம் ஆண்டின் நாணயச் செலாவணி அவசரச் சட்டத்தின் கீழ் ஒரு ரூபாய்த் தாளை வெளியிட்டு, அந்தத் தாள் சட்டத்தின் பார்வையில் ரூபாய் நாணயத்துக்குச் சமம் என்றது. ஒரு ரூபாய்த் தாளில் மட்டும் ரிசர்வ் வங்கி ஆளுநருக்குப் பதிலாக நிதித்துறைச் செயலர் கையெழுத்திடுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது. ரூபாயிலும் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது: 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, 5 பங்கு துத்தநாகம், 5 பங்கு நிக்கல். பழைய நல்ல மாற்று ரூபாய்கள் படிப்படியாகத் திரும்பப் பெறப்பட்டன. 1947இல் ரூபாய் முழு நிக்கலாயிற்று. 1893இல் சட்டத்தில் நடந்த பிரிவு, ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து உலோகத்திலும் நிறைவேறியது.

அரசமைப்புச் சட்டம் ஏழாம் அட்டவணையில், ஒன்றியப் பட்டியலின் 36ஆம் பதிவில் நாணயத்தை வைத்தது. ஐதராபாத்தும் திருவிதாங்கூரும் போலத் தனி நாணயம் அடித்துவந்த சமஸ்தானங்களின் உரிமை அதற்குப்பின் எங்கும் இல்லை.

1955இல் நிறைவேறி 1957 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், 16 அணா, 64 காலணா, 192 பைகளாக இருந்த ரூபாயை 100 நயா பைசாவாக்கியது. 1964 ஜூன் 1 முதல் ‘நயா’ என்ற சொல் விடப்பட்டது. இதில் நான் மிகவும் மதிக்கும் நுணுக்கம் மாற்றுக் கணக்கில் இருக்கிறது. ஓரணா என்பது 6.25 பைசா, அப்படி ஒரு நாணயம் கிடையாது. ஒரே கொடுக்கல் வாங்கலில் தரப்படும் பழைய காசுகளைக் கூட்டி, அருகில் உள்ள முழுப் பைசாவுக்கு மாற்ற வேண்டும், சரிபாதியாக நின்றால் கீழே இறக்க வேண்டும் என்று சட்டம் விதித்தது. அதன்படி ஓரணாவுக்கு 6 பைசா, இரண்டணாவுக்கு 12.5 என்பது 12 ஆகும், மூன்றணாவுக்கு 18.75 என்பது 19 ஆகும், நாலணாவுக்குச் சரியாக 25. நாலணாவை ஒவ்வோர் அணாவாக நான்கு தடவை மாற்றினால் 24 பைசாதான் கிடைக்கும். ‘ஒரே கொடுக்கல் வாங்கலில்’ என்ற நிபந்தனை அந்த ஒரு பைசாவைக் காப்பதற்காகவே எழுதப்பட்டது. ஏழை ஒருவரின் கையில் இருந்து எங்கே காசு நழுவும் என்பதை யோசித்து எழுதிய சட்டவரைவு இது.

பிறகு 1971இல் சிறு நாணயக் குற்றச் சட்டம் வந்தது. சில்லறையில் இருந்த உலோகத்தின் விலை ஏறியதும், ஒரு ரூபாய்க்குக் கீழான காசுகளை உருக்குவதையும் பதுக்குவதையும் அது தடுக்க முயன்றது. 1917இன் கதைதான், அளவில் சிறியதாக.

இன்று நடைமுறையில் உள்ளது 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம். 2012 மார்ச் 28 முதல் செயல்படுகிறது. 1906இன் சட்டம், 1940இன் அவசரச் சட்டம், 1971இன் சட்டம், 1889இன் உலோக வில்லைச் சட்டம் ஆகியவை இதனோடு முடிந்தன. 1835இன் சட்டத்தையும் இதையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு உடனே தெரியும். பழைய சட்டத்தில் எடையும் மாற்றும் எண்களாக எழுதப்பட்டிருந்தன. அவற்றை மாற்றச் சட்டத்தையே மாற்ற வேண்டும். புதிய சட்டத்தில், 1,000 ரூபாய்க்கு மேற்படாத எந்த மதிப்பிலும் நாணயம் அடிக்கலாம், அதன் உலோகம், எடை, வடிவம் ஆகியவற்றை மத்திய அரசு விதிகளால் வகுக்கும் என்று மட்டுமே இருக்கிறது. உள்ளிருக்கும் உலோகத்துக்கு மதிப்பைத் தீர்மானிக்கும் பங்கு இல்லாதபோது, அதைச் சட்டத்தில் பூட்டி வைக்கும் தேவையும் இல்லை. முன்பு சட்டம் அரசைக் கட்டுப்படுத்தியது. இப்போது பெரும்பாலும் நாணயத்தைப் பெறுபவரையும் கையாளுபவரையும் கட்டுப்படுத்துகிறது. நாணயத்தை உருக்குவதற்கும் அழிப்பதற்கும் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

ஏற்றுக்கொள்ளும் வரம்பிலும் முக்கியமான மாற்றம் நடந்திருக்கிறது. 1835 முதல் எந்தத் தொகைக்கும் சென்ற ரூபாய் நாணயம், 2011இன் சட்டத்தின்படி ஒரு தடவையில் 1,000 ரூபாய் வரைதான் சட்டப்படி செல்லும்; ஐம்பது பைசா நாணயம் 10 ரூபாய் வரை செல்லும். 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30க்குப் பின் செல்லுபடியை இழந்துவிட்டன. வரம்பு என்பது தடை அல்ல: 5,000 ரூபாயை நாணயமாகத் தந்தால் பெறுபவர் விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம், மறுத்தால் அது சட்டமீறல் ஆகாது. ஆனால் 50 ரூபாய் கடனுக்கு ஐந்து பத்து ரூபாய் நாணயங்களைத் தந்தால், செல்லாது என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை. பத்து ரூபாய் நாணயத்தின் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் வெளிப்படையாக அறிவிக்க வேண்டிவந்தது. ஆட்சியாண்டைப் பார்த்து ரூபாய்க்கு வட்டம் பிடித்த பழைய பழக்கத்துக்கும், வடிவத்தைப் பார்த்து நாணயத்தை மறுக்கும் இந்தப் பழக்கத்துக்கும் அதிக தூரம் இல்லை.

கடைசியாக, இந்தச் சட்டத்தின் வரையறைப் பிரிவு. நாணயம் என்பதற்குள் நினைவு நாணயங்களையும் ஒரு ரூபாய்த் தாளையும் அது சேர்க்கிறது. கடன் அட்டை, பற்று அட்டை, அஞ்சல் ஆணை, வங்கியோ அஞ்சலகமோ வெளியிடும் மின்பணம் ஆகியவை நாணயம் ஆகா என்று ஐயத்துக்கு இடமின்றி விலக்குகிறது. 1860இல் சோழியையும் முத்திரையிடாத செம்பையும் விலக்கிய பிரிவு என்ன வேலையைச் செய்ததோ, அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது.